நம்ம நெட்வொர்க்ல என்னென்ன போர்ட் திறந்து கிடக்கு: நீலகிரி ஹோம்ஸ்டே, கடை, டீ ஃபேக்டரிக்காரங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

கோத்தகிரி, குன்னூர், ஊட்டி பக்கம் எந்த ஹோம்ஸ்டேயை எடுத்துக்கிட்டாலும் அங்க இருக்கிற நெட்வொர்க்கை யாரும் உக்காந்து பிளான் பண்ணி கட்டினதில்ல. கேபிள்காரர் வந்து ஒரு ஃபைபர் பாக்ஸ் மாட்டிட்டு போவாரு, அடுத்த மாசம் சிசிடிவிக்காரர் வந்து என்விஆர் (கேமரா வீடியோவை பதிவு பண்ற பெட்டி) வைப்பாரு, ஓனர் "ஊர்ல இருந்தே ஃபோன்ல பாக்கணும் தம்பி"ன்னு சொன்னதும் ரவுட்டர்ல எதையோ திறந்து விட்டுட்டு போயிடுவாரு, அப்புறம் பில்லிங் சாஃப்ட்வேர்காரர் கோயம்புத்தூர்ல இருந்து ரிமோட்ல வர்றதுக்கு இன்னொன்னை திறப்பாரு. யாரு எதை எதுக்கு திறந்தாங்கன்னு ஒரு துண்டு சீட்டு கூட இருக்காது.

போர்ட் ஸ்கேன், அதாவது ஒரு டிவைஸ்ல எந்தெந்த போர்ட் திறந்திருக்குன்னு தட்டிப் பாக்கிறது, ஈசியான வேலை, யூட்யூப் பாத்து யாரு வேணா பண்ணிடலாம். அதுக்கு முன்னாடி யாருகிட்ட கேக்கணும், அதுக்கு அப்புறம் திறந்திருக்கிற ஒவ்வொன்னுக்கும் காரணம் யாரு சொல்லணும், இந்த ரெண்டும் தான் உண்மையான வேலை. அதனால இந்த ரெண்டுக்கும் தான் இதுல நிறைய இடம் குடுத்திருக்கேன்.

போர்ட்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு மட்டும் சுருக்கமா: நெட்வொர்க்ல ஒவ்வொரு டிவைஸுக்கும் ஐபி அட்ரஸ்னு ஒரு எண் முகவரி இருக்கும், டேட்டா போற முறை டிசிபி, யுடிபின்னு ரெண்டு, ஒரு ஐபி அட்ரஸ்ல டிசிபிக்கு 65535, யுடிபிக்கு 65535 நம்பர் இருக்கு, ஏதாவது ஒரு புரோகிராம் ஒரு நம்பர்ல காது குடுத்து உக்காந்திருந்தா அந்த போர்ட் ஓப்பன். வெப் பேஜுக்கு 80, 443, ரிமோட் டெஸ்க்டாப்புக்கு 3389, விண்டோஸ் ஃபைல் ஷேரிங்குக்கு 445, இப்படி. ஓப்பனா இருக்கிறதே தப்புன்னு இல்ல, பிரிண்டர் போர்ட் ஓப்பனா இல்லைன்னா பிரிண்ட் எப்படி வரும்?

முதல் படி: பேப்பர்ல அனுமதி

"நம்ம வீட்டு நெட்டு தானே தம்பி, இதுக்கு எதுக்கு பேப்பரு?"ன்னு எல்லா ஓனரும் கேப்பாங்க. சொந்த வீட்டுல சொந்த ரவுட்டர்னா வேண்டாம் தான். ஆனா வேற ஒருத்தரோட இடத்துல நீங்க கை வைக்கிறீங்கன்னா, அவர் சித்தப்பாவாவே இருந்தாலும், எழுதி வாங்கிடுங்க. 2000ம் வருஷத்து தகவல் தொழில்நுட்ப சட்டத்துல 43வது பிரிவு, ஓனரோ பொறுப்புல இருக்கிறவரோ அனுமதிக்காம ஒரு கம்ப்யூட்டரையோ நெட்வொர்க்கையோ அணுகினா நஷ்ட ஈடு குடுக்கணும்னு சொல்லுது, அதையே கெட்ட எண்ணத்தோட பண்ணா 66வது பிரிவுல மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல அஞ்சு லட்சம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டுமே. வெறும் ஸ்கேன் இதுக்குள்ள வருமா வராதான்னு வக்கீலுங்க வாதாடிக்கட்டும், அந்த வாதத்துக்கு நாம எதுக்கு கேஸா நிக்கணும்.

பேப்பர்ல பெருசா ஒன்னும் வேண்டாம். யாரோட நெட்வொர்க், எந்த ஐபி ரேஞ்ச் (எந்த ஐபில இருந்து எந்த ஐபி வரைக்கும்), எந்த தேதி, எத்தனை மணில இருந்து எத்தனை மணி வரைக்கும், எந்த டிவைஸை தொடக்கூடாது, ஏதாவது நின்னு போனா யாருக்கு ஃபோன் பண்ணணும், கீழ ரெண்டு பேர் கையெழுத்து. வாட்ஸ்அப்ல "சரி பண்ணுங்க"ன்னு வந்தா கூட ஒன்னும் இல்லாததுக்கு அது மேல், ஆனா அதுல ரேஞ்சும் தேதியும் வர்ற மாதிரி நீங்க கேள்வியை அனுப்புங்க.

இதுல ரெண்டு விஷயத்தை நிறைய பேரு விட்டுடுறாங்க.

ஒன்னு, கெஸ்ட். சீசன் நேரத்துல ஹோம்ஸ்டே வைஃபைல இருக்கிற ஃபோனும் லேப்டாப்பும் ஓனரோடது கிடையாது, அதை ஸ்கேன் பண்ண ஓனரால அனுமதி குடுக்க முடியாது. கெஸ்ட் எல்லாம் செக் அவுட் பண்ணி அடுத்த செட் வர்றதுக்கு முன்னாடி இருக்கிற மத்தியான நேரத்தை பிடிங்க, இல்ல கெஸ்ட் வைஃபை தனி ரேஞ்ச்ல இருந்தா அதை விட்டுடுங்க.

ரெண்டாவது, ரவுட்டருக்கு வெளிப்பக்கம். சின்ன ஆபரேட்டர்கள்கிட்ட லைன் வாங்கினீங்கன்னா உங்க ரவுட்டரோட வேன் பக்கத்துல, அதாவது ஆபரேட்டர் லைன் வந்து சேர்ற வெளிப்பக்கத்துல, 10ல ஆரம்பிக்கிற ஐபியோ 100.64ல இருந்து 100.127 வரைக்கும் உள்ள ஐபியோ வரலாம். 10ன்னு பாத்ததும் உள் நெட்வொர்க்குக்குன்னு ஒதுக்கின பிரைவேட் ரேஞ்ச் தானே, நம்மளோடது தானேன்னு ஸ்கேன் அடிச்சிடாதீங்க. அது ஆபரேட்டரோட நெட்வொர்க், அந்த ரேஞ்ச்ல பக்கத்து எஸ்டேட் பங்களா ரவுட்டரும் எதிர் தெரு மெடிக்கல் ஷாப் ரவுட்டரும் இருக்கலாம். ரவுட்டருக்கு உள்பக்கம் மட்டும் தான் உங்க எல்லை (வெளிய தெரியுற ஐபி உங்களுக்கே சொந்தமா இருந்தா என்ன பண்ணலாம்னு ஏழாவது படில சொல்றேன்). அந்த ஃபைபர் பாக்ஸே ஆபரேட்டரோடதா இருந்தா அதுக்கும் அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

ரெண்டாவது படி: நடந்து போய் எண்ணுங்க

லேப்டாப்பை தொடாதீங்க இன்னும். ஒரு நோட்டு எடுத்துக்கிட்டு இடம் முழுக்க சுத்துங்க: ரவுட்டர், ஸ்விட்ச், என்விஆர், ஒவ்வொரு கேமரா, பிரிண்டர், பில்லிங் சிஸ்டம், டிவி, பயோமெட்ரிக் அட்டெண்டன்ஸ் மெஷின், ஃபேக்டரின்னா ஆபீஸுக்கும் பங்களாவுக்கும் நடுவுல பள்ளத்தாக்கு தாண்டி அடிக்கிற வயர்லெஸ் டிஷ் ரெண்டு. ஒவ்வொன்னோட ஸ்டிக்கர்லயும் மேக் அட்ரஸ், அதாவது அந்த டிவைஸோட அடையாள நம்பர், இருக்கும், எழுதிக்கோங்க. அப்புறம் ரவுட்டரோட செட்டிங் பேஜ்ல டிஹெச்சிபி லிஸ்டை, அதாவது ரவுட்டர் யாருக்கு எந்த ஐபி குடுத்திருக்குங்கிற லிஸ்டை, பாத்து ஒப்பிடுங்க. இப்ப வர்ற ஃபோனெல்லாம் நெட்வொர்க்குக்கு ஒரு போலி மேக் குடுக்கும், அதனால லிஸ்ட்ல பேரு தெரியாம நாலஞ்சு இருந்தா உடனே பயந்துடாதீங்க, முதல்ல வீட்டுல இருக்கிறவங்க ஃபோனை பாருங்க.

இந்த நோட்டு இல்லாம ஸ்கேன் பண்ணா வர்ற ரிசல்ட்டை வச்சு ஒன்னும் பண்ண முடியாது. 192.168.1.64ல 554 ஓப்பன்னு வந்தா அது மாடிப்படி கேமராவா கேட் கேமராவான்னு நோட்டு தான் சொல்லும்.

மூணாவது படி: டூல், அதை முதல்ல உங்க மெஷின்லயே

போர்ட் ஸ்கேன் பண்ண என்மேப்ங்கிற சாஃப்ட்வேர் போதும். 1997ல வந்தது, இலவசம், விண்டோஸ், லினக்ஸ், மேக் மூணுலயும் ஓடும். அதோட சொந்த சைட்ல இருந்து மட்டும் எறக்குங்க, விண்டோஸ்ல இன்ஸ்டால் பண்ணும்போது என்பிகேப்னு ஒன்னு கேக்கும், அதுக்கும் சரி குடுங்க. கமாண்ட் அடிக்க கூச்சமா இருந்தா கூடவே ஜென்மேப்னு பட்டன் வச்ச ஒன்னு வரும். கீழ கமாண்டெல்லாம் தமிழ் எழுத்துலயே குடுத்திருக்கேன், நீங்க ஆங்கில எழுத்துல அடிங்க.

முதல்ல உங்க லேப்டாப்லயே என்ன காது குடுத்துக்கிட்டு இருக்குன்னு பாருங்க. விண்டோஸ்ல நெட்ஸ்டாட் ஒரு ஸ்பேஸ் ஹைஃபன் ஏஎன்ஓ, லினக்ஸ்ல எஸ்எஸ் ஒரு ஸ்பேஸ் ஹைஃபன் டியுஎல்பிஎன், எல்லாம் சின்ன எழுத்து. வர்ற லிஸ்ட்ல 127.0.0.1ன்னு இருந்தா அந்த மெஷினுக்குள்ள மட்டும் தான், வெளிய யாருக்கும் தெரியாது. 0.0.0.0ன்னு இருந்தா எல்லா பக்கமும் திறந்திருக்கு, ஃபயர்வால் (வர்ற கனெக்ஷனை தடுக்கிற காவல்) தடுத்தா தான் உண்டு. இந்த ஒரு வித்தியாசம் புரிஞ்சாலே பாதி கிணறு தாண்டியாச்சு. பழகிப் பாக்க வெளிய ஒரு மெஷின் வேணும்னா என்மேப் ஆளுங்களே ஸ்கேன்மீன்னு ஒரு சர்வர் வச்சிருக்காங்க, அதை அளவா ஸ்கேன் பண்ணிக்கலாம்னு அவங்களே சொல்லியிருக்காங்க. வேற எந்த சைட்டையும் "சும்மா ட்ரை பண்ணேன்"னு தொடாதீங்க.

நாலாவது படி: யாரெல்லாம் உயிரோட இருக்காங்க

லேப்டாப்பை வைஃபைல இல்லாம கேபிள்ல சொருகுங்க. வைஃபைல ஐசோலேஷன் ஆன்ல இருந்தா பக்கத்து டிவைஸ் எதுவுமே தெரியாது, ஆஹா நம்ம நெட்வொர்க் சுத்தம்னு நினைச்சுக்குவீங்க. அட்மின் உரிமையோட இதை அடிங்க:

என்மேப் -எஸ்என் 192.168.1.0/24

எஸ், என் ரெண்டும் சின்னது. /24ன்னா 192.168.1ல ஆரம்பிக்கிற எல்லா ஐபியும். ரேஞ்ச் உங்களோடது என்னவோ அதை போடுங்க, ஒரு எண் மாறிடாம ரெண்டு தடவை பாருங்க. இது போர்ட்டை தொடாது, யாரு இருக்கான்னு மட்டும் கேக்கும், அதே லேன்ல, அதாவது ரவுட்டருக்கு உள்பக்கம் இருக்கிற நெட்வொர்க்ல, ஏஆர்பிங்கிற அடிப்படை முறை வழியா கேக்கிறதால பிங்குக்கு பதில் சொல்லாத மெஷினும் மாட்டிக்கும். வந்த லிஸ்ட்டை நோட்டோட ஒப்பிடுங்க. நோட்டுல இல்லாதது லிஸ்ட்ல இருந்தா அங்கயே நிறுத்தி அது என்னன்னு கண்டுபிடிங்க, பெரும்பாலும் மேல் ரூம்ல யாரோ மாட்டின பழைய ரவுட்டரா தான் இருக்கும். நோட்டுல இருந்து லிஸ்ட்ல இல்லைன்னா அந்த பில்டிங்ல கரண்ட் இருக்கான்னு பாருங்க, மழைக்காலத்துல மரம் சாஞ்சு ஒரு பக்கம் மட்டும் கரண்ட் இல்லாம இருக்கிறது நமக்கு புதுசா என்ன.

அஞ்சாவது படி: போர்ட் ஸ்கேன், மெதுவா

ஒரே நேரத்துல மொத்த ரேஞ்சையும் அடிக்காம ஒவ்வொரு டிவைஸா போங்க:

என்மேப் -எஸ்டி -டி2 192.168.1.64

எஸ் சின்னது, ரெண்டு டியும் பெரிசு. எதுவும் சொல்லலைன்னா அடிக்கடி பயன்படுற ஆயிரம் டிசிபி போர்ட்டை மட்டும் தான் பாக்கும். டி2ங்கிறது ஒவ்வொரு கேள்விக்கும் நடுவுல 0.4 செகண்ட் விடும், அதனால ஒரு டிவைஸுக்கு ஏழு நிமிஷம் கிட்ட ஆகும், ஒரு கிளாஸ் டீ குடிச்சிட்டு வாங்க. அவசரமா அடிச்சா விலை கம்மியான கேமரா, பழைய அட்டெண்டன்ஸ் மெஷின் எல்லாம் அப்படியே நின்னு போக வாய்ப்பிருக்கு.

பதில் மூணு விதமா வரும். ராத்திரி பனில நடந்து போய் ஒரு காட்டேஜ் கதவை தட்டுறீங்கன்னு வச்சுக்கோங்க: கதவை திறந்து "வாங்க"ன்னா ஓப்பன், உள்ள இருந்தே "இங்க அப்படி யாரும் இல்லைங்க"ன்னு குரல் வந்தா குளோஸ்டு, எவ்வளவு தட்டினாலும் சத்தமே இல்லைன்னா ஃபில்டர்டு, அதாவது நடுவுல ஃபயர்வால் ஏதோ கேள்வியை முழுங்கிடுது. குளோஸ்டுன்னா அங்க மெஷின் இருக்குன்னு அர்த்தம், ஃபில்டர்டுன்னா போர்ட் மூடியிருக்குன்னு அர்த்தம் இல்ல, ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

என்விஆர், ரவுட்டர், பில்லிங் சிஸ்டம் மாதிரி முக்கியமானதுக்கு மட்டும் -பி- போட்டு, பி சின்னது, எல்லா 65535யும் பாருங்க, ஏன்னா கேமரா கம்பெனிங்க 8000, 37777 மாதிரி தனக்குன்னு ஒரு நம்பர் வச்சிருக்கும். அந்த போர்ட்ல என்ன சாஃப்ட்வேர் எந்த வெர்ஷன் ஓடுதுன்னு தெரியணும்னா -எஸ்வி, எஸ் சின்னது வி பெரிசு, இது கொஞ்சம் நோண்டி கேக்கும். பிரிண்டரோட 9100 போர்ட்டுக்கு எதை அனுப்பினாலும் அது பேப்பர்ல அடிச்சு துப்பிடும்ங்கிறதால என்மேப் அதை வெர்ஷன் பாக்கும்போது தானாவே விட்டுடும், நீங்க புத்திசாலித்தனம் காட்டி அந்த தடையை எடுத்துவிடாதீங்க.

யுடிபிக்கு -எஸ்யூ, எஸ் சின்னது யூ பெரிசு. இது ரொம்ப பொறுமை வேணும்ங்க, பதில் வராததே ஓப்பனாவும் இருக்கலாம் தடுக்கப்பட்டும் இருக்கலாம், போதாததுக்கு லினக்ஸ் மெஷின் எல்லாம் "மூடியிருக்கு"ன்னு சொல்ற பதிலை செகண்டுக்கு ஒன்னுங்கிற மாதிரி தான் குடுக்கும், அந்த கணக்குல 65535க்கும் 18 மணி நேரத்துக்கு மேல போகும். 53, 123, 161, 1900 இந்த நாலு மட்டும் பாத்தா நம்ம இடத்துக்கு போதும்.

டீ ஃபேக்டரிக்கு தனியா ஒரு வார்த்தை. ஸ்கேனை ராத்திரில பண்ணுங்கன்னு எல்லா இடத்துலயும் எழுதியிருப்பாங்க, சீசன்ல இலை வந்து குவியும்போது நம்ம ஃபேக்டரி ராத்திரி தான் முழுசா ஓடும். டிரையர், விதரிங் ஃபேனை எல்லாம் கன்ட்ரோல் பண்ற பிஎல்சி நெட்வொர்க்ல இருந்தா, 502 போர்ட்ல மோட்பஸ்ங்கிற ஃபேக்டரி மெஷின் மொழி பேசுற டப்பா ஏதாவது, அதுக்கு பாஸ்வேர்டு கூட கிடையாது, அதை ஸ்கேன் பண்ணவே வேண்டாம். --எக்ஸ்க்ளூட் போட்டு அந்த ஐபியை ஒதுக்கிடுங்க, மெஷின் நிக்கிற சர்வீஸ் நாள்ல மெக்கானிக்கை பக்கத்துல வச்சுக்கிட்டு பாத்துக்கலாம். டிரையர் பாதில நின்னு போனா உள்ள இருக்கிற தூளுக்கு யாரு பதில் சொல்றது?

ஆறாவது படி: ஒவ்வொன்னுக்கும் காரணம்

நோட்டுல நாலு கட்டம் போடுங்க: டிவைஸ், போர்ட், எதுக்கு, யாரு சொன்னாங்க. நாலாவது கட்டம் காலியா இருந்தா அது மூடப்போற லிஸ்ட்.

23 ஓப்பனா இருந்தா, அதாவது தூரத்துல இருந்து டிவைஸுக்குள்ள போய் கமாண்ட் அடிக்கிற பழைய வழியான டெல்நெட், காரணமே கேக்காதீங்க, மூடுங்க. 2016ல மிராய்னு ஒரு கெட்ட புரோகிராம் உலகம் முழுக்க கேமராவையும் ரவுட்டரையும் பிடிச்சது இந்த 23, 2323 வழியா தான், பெரிய வித்தை ஒன்னும் இல்ல, கம்பெனி குடுத்த பாஸ்வேர்டை ஒவ்வொன்னா போட்டு பாத்துச்சு, அவ்வளவு தான். அந்த அக்டோபர்ல டைன்ங்கிற டிஎன்எஸ் கம்பெனியையே, அதாவது சைட் பேரை ஐபியா மாத்திக் குடுக்கிற கம்பெனியை, படுக்க வச்சுது.

445 பில்லிங் சிஸ்டம்ல இருக்கும், ரெண்டு சிஸ்டத்துக்கு நடுவுல ஃபைல் ஷேர் பண்ணா வேணும் தான். ஆனா அதே சிஸ்டம் பழைய விண்டோஸ் 7ஆ இருந்தா யோசிக்கணும். 2017 மே மாசம் ஃபைலை பூட்டி பணம் கேக்கிற வான்னாகிரை பரவினது இந்த போர்ட்ல தான், அதுக்கான பேட்ச், அதாவது ஓட்டையை அடைக்கிற அப்டேட், மார்ச்லயே வந்திருச்சு, போடாதவங்க மாட்டுனாங்க. லேன்ல மட்டும், தேவையான சிஸ்டத்துக்கு மட்டும் திறங்க. 3389 உள்ள இருந்தாலே கண்ணு வைங்க, வெளிய தெரிஞ்சா அன்னைக்கே மூடுங்க. 9000 இருந்தா டேலியா இருக்கலாம், கணக்குபிள்ளைகிட்ட கேளுங்க. 554 கேமரா வீடியோ, என்விஆருக்கு வேணும், கெஸ்ட் வைஃபைல இருந்து அது தெரியக்கூடாது. இதை நீங்களே கெஸ்ட் வைஃபைல ஜாயின் ஆகி ஒரு தடவை என்விஆரை ஸ்கேன் பண்ணி பாருங்க, என்னை கேட்டா இந்த முழு வழிகாட்டில ஹோம்ஸ்டேக்காரங்க ஒன்னே ஒன்னு பண்ணணும்னா இதை பண்ணுங்கன்னு சொல்லுவேன். ஒரு ரூம்ல தங்கியிருக்கிறவங்க இன்னொரு குடும்பம் முற்றத்துல நிக்கிறதை ஃபோன்ல பாக்க முடிஞ்சா அதை விட கேவலம் என்ன இருக்கு.

7547 ஃபைபர் பாக்ஸ்ல இருந்தா அது ஆபரேட்டர் தூரத்துல இருந்து பாக்ஸை செட் பண்ற வழி, நீங்களா நோண்டாம அவங்ககிட்ட கேளுங்க.

ஏழாவது படி: வெளிய இருந்து நாம எப்படி தெரியுறோம்

ரவுட்டர் பேஜ்ல வேன் ஐபி என்னன்னு பாருங்க, அப்புறம் பிரவுசர்ல "என் ஐபி என்ன"ன்னு தேடி வர்றதையும் பாருங்க. ரெண்டும் ஒன்னா இருந்தா அந்த ஐபி அந்த நேரத்துக்கு உங்களோடது, வெளிய இருந்து ஸ்கேன் பண்ணலாம். ரெண்டும் வேறன்னா நீங்க சிஜிநேட்டுக்கு பின்னாடி இருக்கீங்க, வெளிய தெரியுற ஐபி பல பேருக்கு பொதுவானது, அதை ஸ்கேன் பண்ணாதீங்க, பண்ணாலும் உங்க ரவுட்டரை பத்தி ஒன்னும் தெரியாது.

உங்களோடது தான்னு உறுதியானா லேப்டாப்பை ஃபோன் ஹாட்ஸ்பாட்ல போட்டு, அந்த ஐபிக்கு -பிஎன் சேத்து, பி பெரிசு என் சின்னது, ஒரு ஸ்கேன் ஓட்டுங்க. ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆனா ஐபி மாறிடலாம், பழைய ஐபி வேற யாருக்கோ போயிருக்கலாம், அதனால ஸ்கேனுக்கு முன்னாடி அந்த நிமிஷமே மறுபடி பாத்துக்கோங்க. நம்ம ஊர் கரண்டுக்கு இது எத்தனை தடவை வேணா நடக்கும்.

வெளிய ஏதாவது ஓப்பன்னு வந்தா ரவுட்டர்ல ரெண்டு இடம் பாருங்க: போர்ட் ஃபார்வர்டிங் (வெளிய இருந்து வர்றதை உள்ள ஒரு டிவைஸுக்கு திருப்பி விடுற செட்டிங்), யூபிஎன்பி. ரெண்டாவது மோசம், உள்ள இருக்கிற என்விஆர் ரவுட்டர்கிட்ட "எனக்கு இதை திற"ன்னு கேக்கும், ரவுட்டரும் யாரையும் கேக்காம திறந்துடும். அணைச்சிடுங்க. சிஜிநேட்ல இருக்கோமே சேஃப் தானேன்னு நினைக்கிறவங்க ஐபிவி6, அதாவது புது மாதிரி நீள ஐபி அட்ரஸ், பக்கம் பாருங்க, அதுல ஒவ்வொரு டிவைஸுக்கும் நேரடி அட்ரஸ் வருது, ரவுட்டரோட ஐபிவி6 ஃபயர்வால் ஆஃப்ல இருந்தா கேமரா நேரா வெளிய நிக்கும். என்மேப்ல -6 சேத்து உங்க டிவைஸோட அட்ரஸை பாக்கலாம்.

எட்டாவது படி: மூடுறது, மறுபடி பாக்கிறது

ஒன்னு ஒன்னா மூடுங்க, ஒவ்வொன்னுக்கும் அப்புறம் ஓனரை ஃபோன்ல கேமரா பாக்க சொல்லுங்க, பில் ஒன்னு அடிக்க சொல்லுங்க. பத்தை ஒரே நேரத்துல மூடிட்டு மலை எறங்கினா பாதி வழில கொண்டை ஊசி வளைவுல ஃபோன் அடிக்கும். "அப்ப நான் ஊர்ல இருந்து கேமராவை எப்படி பாக்கிறது?"ன்னு அவர் கேப்பாரு, நியாயமான கேள்வி தான். பப்ளிக் ஐபி இருந்தா ரவுட்டர்லயே வயர்கார்டு விபிஎன் (வெளிய இருந்து உள்ள வர்ற பூட்டு போட்ட தனி வழி) போடுங்க, ஒரே ஒரு யுடிபி போர்ட், சாவி இல்லாதவனுக்கு அது பதிலே சொல்லாது. சிஜிநேட்டுன்னா டெயில்ஸ்கேல் மாதிரி உள்ள இருந்து வெளிய கனெக்ட் பண்ற ஒன்னு. பாஸ்வேர்டையும் மாத்துங்க, அதை என்விஆர் மேலயே ஸ்டிக்கர்ல எழுதி ஒட்டாதீங்க.

முடிச்சதும் அதே கமாண்டை மறுபடி ஓட்டி -ஓஎக்ஸ் போட்டு, ஓ சின்னது எக்ஸ் பெரிசு, பக்கத்துல ஒரு பேரு குடுத்து ஃபைலா வைங்க. அடுத்த தடவை ஓட்டும்போது என்மேப் கூடவே வர்ற என்டிஃப் ரெண்டு ஃபைலையும் பக்கத்துல வச்சு எது புதுசா திறந்திருக்குன்னு காட்டும். அடுத்த தடவைன்னா எப்போ? மூணு மாசம் ஆறு மாசம்னு காலண்டர் கணக்கு எனக்கு நம்பிக்கை இல்ல. இங்க இடி விழுந்து ரவுட்டர் போயிடும், அவசரத்துக்கு டவுன்ல இருந்து ஒன்னு வாங்கி சொருகுவாங்க, கம்பெனி செட்டிங், யூபிஎன்பி ஆன், பாஸ்வேர்டு அட்மின். அதனால ரவுட்டர், என்விஆர், ஃபைபர் பாக்ஸ் எது மாறினாலும் அன்னைக்கே மறுபடி ஓட்டுங்க.

எல்லாம் பண்ணும்போது தப்பித்தவறி வேற யாரோட கேமரா லாகின் பேஜோ வந்து நின்னா உள்ள போய் பாக்காதீங்க, பாஸ்வேர்டு போட்டு பாக்கவே பாக்காதீங்க, நிறுத்திட்டு அவங்களுக்கோ ஆபரேட்டருக்கோ சொல்லுங்க, யாருன்னு தெரியலைன்னா செர்ட்-இன்னுக்கு, அதாவது மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்புக்கு, எழுதலாம். 2022 ஏப்ரல்ல அவங்க போட்ட உத்தரவுல முக்கியமான சிஸ்டங்களை குறிவச்சு ஸ்கேன் பண்றதே ஆறு மணி நேரத்துக்குள்ள ரிப்போர்ட் பண்ண வேண்டிய சம்பவம்னு தான் இருக்கு. பக்கத்துல வெலிங்டன் ராணுவ கன்டோன்மென்ட் இருக்கிற ஊர்ல, எந்த ரேஞ்ச் யாரோடதுன்னு தெரியாம கை வைக்கிறது வேண்டாத வேலை.

கடைசியா அந்த ரிசல்ட் ஃபைல். அது உங்க இடத்துல எது எது திறந்திருக்குன்னு சொல்ற லிஸ்ட், அதை ஹோம்ஸ்டே ஓனர்கள் வாட்ஸ்அப் குரூப்ல "பாருங்க நாங்க செக் பண்ணிட்டோம்"னு போடாதீங்க. ஒரு காப்பி ஓனர்கிட்ட பென் டிரைவ்ல, அனுமதி பேப்பரும் அது கூடவே, உங்க லேப்டாப்ல வச்சுக்கணும்னா அதுக்கும் அவர்கிட்ட கேட்டுட்டு வைங்க.